மணல், சரளை படிந்த சாலைகளில் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு

தார்ச் சாலையின் மேல் மணல், சரளை, உடைகல் ஜல்லி போன்ற ஒட்டாத துகள்கள் சிதறிக் கிடக்கும்போது சாலைக்கும் டயருக்கும் இடையிலான பிடிமானம் குறைகிறது. கார், பேருந்து ஆகியவற்றுக்கு இது பெரும்பாலும் சிறு தொல்லையாகவே முடியும். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஓட்டுவோருக்கோ இது உயிர் ஆபத்து. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஒரு வண்டி வளைவில் தானாகச் சறுக்கி விழுந்தால் "வேகமாக வந்தார், விழுந்தார்" என்று பேச்சு எளிதில் முடிந்துவிடுகிறது. காலடியில் கிடந்த இரண்டு கைப்பிடி மணலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சொற்கள்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் "கிராவல்" என்பது பெரும்பாலும் செம்மண்ணோடு சிறு கற்கள் கலந்த மண்ணைக் குறிக்கும். ஊராட்சிச் சாலைகளுக்கும் சாலையோரங்களை மேடாக்கவும் இதைக் கொட்டுவர். "ஜல்லி" என்பது கல்குவாரியில் உடைத்த கருங்கல். இதில் ஒன்றரை ஜல்லி ஏறத்தாழ 40 மி.மீ., முக்கால் ஜல்லி ஏறத்தாழ 20 மி.மீ. அளவுள்ளது. அதைவிடச் சிறியதைச் சிப்ஸ் என்பர். கல்லைப் பொடித்துச் செய்யும் மணல் எம்-சாண்ட். ஆற்று மணல், எம்-சாண்ட், கிராவல், ஜல்லி ஆகிய நான்கும் சாலையில் கிடக்கும்போது ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ஆகவே எது கிடக்கிறது என்று கண்டுகொள்வது ஓட்டுநரின் முதல் வேலை.

ஏன் சறுக்குகிறது?

மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகம் கூட்டுவது என எல்லாமே அந்த இரண்டு உள்ளங்கைகளின் உராய்வை நம்பித்தான் நடக்கின்றன. கெட்டியான தரையின் மேல் மணல் மெல்லிய படலமாகக் கிடந்தால் டயர் தாரைத் தொடுவதே இல்லை. மணல் துகள்கள் டயருக்கும் தாருக்கும் நடுவே சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளைப் போல உருள்கின்றன. மொசைக் தரையில் கடுகு கொட்டியிருக்கும்போது கால் வைத்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நிகழ்கிறது.

காய்ந்த நல்ல தார்ச் சாலையின் உராய்வுக் கெழுவை 0.7 என்றும், மணல் படிந்த சாலையில் அது பாதியாக, 0.35 என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடலாம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையின் இரு மடங்கால் வகுத்தால் வண்டி நிற்கத் தேவையான தூரம் கிடைக்கும். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீட்டர். இந்த வேகத்தில் நல்ல சாலையில் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, மணலில் 18 மீட்டரில்தான் நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் இத்தூரங்கள் 20 மீட்டர், 40 மீட்டர் ஆகிவிடும். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கைத் தொட எடுக்கும் ஒரு நொடியையும் சேர்த்தால் 60 கி.மீ. வேகத்தில் மேலும் 17 மீட்டர் ஓடிப்போயிருக்கும். அதாவது மொத்தம் 57 மீட்டர். மணல் திட்டு கண்ணில் படுவதோ பல நேரம் 20 மீட்டர் தூரத்தில்தான்.

வளைவில் கணக்கு இன்னும் கடுமையானது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை 40 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறத்தாழ 0.42 உராய்வுக் கெழு தேவை. நல்ல தாரில் இது தாராளமாகக் கிடைக்கிறது. மணலில் 0.35 மட்டுமே இருப்பதால் வண்டி வெளிப்புறமாகச் சறுக்கியே தீரும். அதே வளைவில் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் தேவை 0.24 ஆகக் குறைந்துவிடும், வண்டி தப்பிவிடும். பத்து கி.மீ. வேகம்தான் வேறுபாடு. இந்த ஒரு கணக்கைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் தாளில் போட்டுப் பார்த்தாலே போதும், பல அறிவுரைகள் தேவைப்படா.

திரும்புவதற்கும் பிரேக்குக்கும் தனித்தனி உராய்வு கிடையாது. கையில் உள்ள ஒரே பணத்தை இரண்டு செலவுக்குப் பங்கிடுவது போன்றது இது. வளைவுக்கே முழுவதும் போய்விட்டால் பிரேக்குக்கு மிச்சமில்லை. வளைந்துகொண்டிருக்கும்போது மணலைக் கண்டு பதறி முன் பிரேக்கை அழுத்துவதே பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம். இரு சக்கர வண்டி நிமிர்ந்து நிற்பதே முன் சக்கரம் இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திரும்பிச் சமன் செய்துகொண்டே இருப்பதால்தான். முன் சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் அந்தச் சமநிலை போய்விடும், ஒரு நொடிக்குள் வண்டி தரையில் கிடக்கும். பின் சக்கரம் சறுக்கினால் ஓரளவு சமாளிக்க முடியும். முன் சக்கரம் சறுக்கினால் தேர்ந்தவர்களுக்கும் கடினம்.

மணல் எங்கே சேர்கிறது?

மணல் சாலையெங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை, அதற்கென்று இடங்கள் உண்டு. ஓடும் வாகனங்களின் சக்கரங்கள் தங்கள் தடத்திலிருந்து துகள்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இதனால் லாரி, பேருந்து சக்கரங்கள் ஓடும் இரண்டு தடங்களும் சுத்தமாக இருக்கும். இரு தடங்களுக்கும் நடுவிலும், சாலையின் இடது ஓரத்திலும், நான்கு வழிச் சாலையில் சென்டர் மீடியனை ஒட்டியும் மணல் வரிசையாகச் சேரும். பெரிய வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாகப் போகும் மொபெட்காரர் மணல் சேர்ந்த இடத்திலேயே ஓட்டிச் செல்கிறார் என்பது வருந்தத்தக்க உண்மை.

மண் சாலை தார்ச் சாலையோடு சேரும் முனையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வயலிலிருந்து வரும் டிராக்டர்களும் குவாரியிலிருந்து வரும் டிப்பர் லாரிகளும் தங்கள் டயரில் ஒட்டிய மண்ணை முதல் ஐம்பது மீட்டரில் உதிர்த்துவிட்டுப் போகின்றன. கல்குவாரி, செங்கல் சூளை, எம்-சாண்ட் ஆலை ஆகியவற்றின் வாயில் எதிரே உள்ள சாலை ஆண்டு முழுவதும் இப்படித்தான் இருக்கும். தார்ப்பாய் மூடாத லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது குலுங்கிச் சிந்துகிறது. ஆகவே வேகத்தடையைத் தாண்டியவுடன் மணல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நல்லது. ரயில்வே கேட், பாலத்தின் இரு முனைகள், ரவுண்டானாவின் வெளிவட்டம் ஆகியவையும் இப்படிப்பட்டவையே.

மழை விட்ட மறுநாள் காலையில் தனிக் கவனம் வேண்டும். சாலையோரத்துக் கிராவல் மழைநீரில் கரைந்து தாழ்வான இடத்தில் சாலையின் குறுக்கே படிந்திருக்கும். ஈரமாக இருக்கும்வரை நிறம் மாறித் தெரியும். வெயில் ஏறிக் காய்ந்ததும் தாரின் சாம்பல் நிறத்தோடு கலந்து கண்ணை ஏமாற்றும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளியில் மணல் திட்டு அறவே தெரியாது.

புதிதாகத் தார் போட்ட சாலையை நம்பிவிடக் கூடாது. தாரின் மேல் சிப்ஸ் தூவி உருளையால் அழுத்தியிருப்பார்கள். ஒட்டாமல் மிஞ்சிய சிப்ஸ் சில நாட்கள் வரை உருண்டுகொண்டே இருக்கும், பின்னர் ஓரத்தில் ஒதுங்கும். தார் போடுவதற்கு முன், ஒன்றரை ஜல்லியைப் பரப்பி வாரக்கணக்கில் அப்படியே விட்டிருக்கும் கிராமச் சாலைகளை ஊர்க்காரர்கள் நன்கு அறிவர்.

தமிழ்நாட்டில் சில இடங்கள்

இராமேசுவரம் தீவின் முனையில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் பல்லாண்டுகள் மணலில்தான் ஜீப், வேன்கள் ஓடின. அரிச்சல்முனை வரை தார்ச் சாலை 2017இல் திறக்கப்பட்டது. இரு பக்கமும் கடல் உள்ள அந்தச் சாலையில் காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மணலைக் கொண்டுவந்து போடும். நேரான, ஆள் நடமாட்டம் குறைந்த, அழகான சாலை என்பதால் இளைஞர்கள் வேகமாகப் போகத் துணிகிறார்கள். காற்று குறுக்கே தள்ளுவதும் கீழே மணல் உருள்வதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் அங்கே இரட்டை ஆபத்து.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் "தேரி" எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று இந்த மணலை எழுப்பிச் சாலைகளில் படியச் செய்கிறது. நேற்று சுத்தமாக இருந்த வளைவில் இன்று மணல் நாக்கு நீட்டியிருக்கலாம். மலைச் சாலைகளில் வேறு வகை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை, நாற்பது வளைவுகள் கொண்ட ஆழியாறு–வால்பாறை சாலை போன்றவற்றில் பாறைச் சரிவிலிருந்து உதிரும் சிறு கற்களும் மண்ணும் வளைவின் உட்புறத்தில் சேர்கின்றன. இறக்கத்தில் வருபவருக்கு எடை முன் சக்கரத்தில் சாய்ந்திருப்பதால் ஆபத்து கூடுதல்.

மணலே இல்லாமலும் மணலைப் போன்ற ஆபத்து வரலாம். களம் இல்லாத ஊர்களில் நெல், கம்பு, உளுந்து, கொள்ளு ஆகியவற்றைச் சாலையில் பரப்பிக் காயவைப்பதும், செடியோடு போட்டு வாகனச் சக்கரத்தில் மிதிபட விடுவதும் உண்டு. உளுந்து மணி மணலைவிட உருண்டையானது. கொள்ளுச் செடிகளின் தண்டு சக்கரத்திலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். உழவருக்கு உலர்களம் கட்டித் தராதவரை இதைக் கண்டித்துப் பயனில்லை என்பதும் உண்மையே.

ஓட்டும் முறை

கெட்டித் தரையின் மேல் மெல்லிய மணல் கிடந்தால், அதைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலின் மேல் போகும்போது பிரேக், திருப்பம், வேகம் கூட்டல் ஆகிய எதுவும் கூடாது. வண்டியை நிமிர்த்தி, நேர்கோட்டில், ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து உருள விட வேண்டும். வளைவின் நடுவே மணல் தெரிந்தால், இடம் இருக்கும் பட்சத்தில் மணலுக்கு முன் வண்டியை நிமிர்த்தி, நேராக மணலைக் கடந்து, பிறகு மீண்டும் சாய்த்துத் திரும்பலாம். இடம் இல்லையெனில் சாய்வைக் கூட்டாமல், பின் பிரேக்கை மெதுவாகத் தொட்டுக் கடப்பதே வழி. எதிரே வண்டி வரும் இரு வழிச் சாலையில் இந்த நிமிர்த்தும் உத்தி வலப்பக்கத் தடத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆகையால் முன்கூட்டியே வேகம் குறைப்பதற்கு மாற்றே கிடையாது.

ஆழமான மணலில் விதி தலைகீழ். சக்கரம் மணலில் புதைவதால் வேகம் மிகக் குறைந்தால் முன் சக்கரம் உழுதுகொண்டு நின்றுவிடும், வண்டி சாயும். முதல் அல்லது இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் செல்ல வேண்டும். ஹேண்டில் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். அதை முரட்டுத்தனமாக நேராக்க முயல்பவரே விழுகிறார். ஒரு முறை மணலில் நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பயனில்லை, பின் சக்கரம் குழிதோண்டும். இறங்கித் தள்ளுவதே நல்லது.

பெரிய ஜல்லி பரவிய சாலையில் ஒவ்வொரு கல்லும் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும். லாரிச் சக்கரம் அழுத்திய தடத்தைத் தேர்ந்து, அதிலிருந்து தடம் மாறாமல் போக வேண்டும். முன்னே போகும் லாரியை ஒட்டிச் சென்றால் கல் தெறித்து முகத்தில் அடிக்கும். போதிய இடைவெளி விட்டால் சாலையும் கண்ணுக்குத் தெரியும்.

கண் பார்க்கும் இடத்துக்கே வண்டி போகும் என்பது ஓட்டுநர்கள் அனுபவத்தில் அறிந்தது. கல்லையோ பள்ளத்தையோ உற்றுப் பார்த்தால் வண்டி அதில்தான் ஏறும். தப்பிச் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். கியரைக் குறைத்துவிட்டுக் கிளட்சைச் சட்டென விடுவதும் பின் சக்கரத்தைச் சறுக்கச் செய்யும். இது பிரேக்கைத் தொடாமலே பிரேக் பிடித்ததற்குச் சமம்.

பிரேக் வகைகள்

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரம் இறுகாமல் தடுக்கும் அமைப்பு கட்டாயம். அதற்குட்பட்டவற்றில் ஏ.பி.எஸ். இல்லையெனில் சி.பி.எஸ். எனும் இணைந்த பிரேக் இருக்க வேண்டும். தாரின் மேல் மெல்லிய மணல் கிடக்கும்போது ஏ.பி.எஸ். பெரிய உதவி, ஏனெனில் முன் சக்கரம் இறுகாது. ஆனால் அது உராய்வை உண்டாக்கித் தருவதில்லை. வளைவில் சாய்ந்த நிலையில் சாதாரண ஏ.பி.எஸ். வண்டியைக் காப்பாற்றும் என்று நம்பவும் கூடாது. ஆழ்ந்த மணலில் நிற்கும் தூரம் ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்குச் சற்றுக் கூடவே செய்யும். இறுகிய சக்கரம் தன் முன்னே மணலைக் குவித்து நிற்கும், சுழன்றுகொண்டே இருக்கும் சக்கரம் அப்படிக் குவிப்பதில்லை.

சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டர்களில் பலர் அறியாத ஒன்று உண்டு. பின் பிரேக்குக்கான இடது கைப்பிடியை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். "நான் பின் பிரேக்தான் பிடித்தேன்" என்று சொல்பவரின் முன் சக்கரமும் மணலில் பிரேக் வாங்கியிருக்கும். எனவே அதையும் மெதுவாகவே அழுத்த வேண்டும். ஸ்கூட்டரின் சக்கரம் சிறியதாகையால் மணலில் எளிதில் புதையும், ஜல்லியில் அதிகம் துள்ளும்.

டயரின் பட்டைகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மேற்சொன்ன எதுவும் பயன்தராது. காற்றழுத்தம் நிறுவனம் குறித்த அளவில் இருக்க வேண்டும். அளவுக்கு மேல் காற்று ஏற்றிய டயர் தரையைத் தொடும் பரப்பு குறையும்.

பின்னால் அமர்பவரும் சுமையும்

ஒருவர் பின்னால் ஏறினால் எடையின் பெரும்பகுதி பின் சக்கரத்துக்குப் போய் முன் சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. புடவையில் பக்கவாட்டில் அமரும் பெண்களின் எடை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கும். வண்டி சறுக்கினால் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை, முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்களே. மடியில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். இரு பக்கமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பு. பின் இருக்கையில் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், உடை சிக்காதபடி பின் சக்கரத்துக்கு மறைப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மளிகைப் பையை ஹேண்டிலில் தொங்கவிடும் பழக்கத்தை மணல் சாலையில் கட்டாயம் கைவிட வேண்டும். சமன் செய்ய வேண்டிய முன் சக்கரத்தை அந்தப் பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

தலைக்கவசம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 முத்திரை பெற்றதாகவும், தாடைப் பட்டை மாட்டியதாகவும் இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், பின்னால் அமர்பவர் உட்பட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தையோடு செல்லும்போது வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. மணலில் விழுபவருக்கு உள்ளங்கை, முழங்கை, முழங்கால் ஆகியவையே முதலில் தேயும். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் கையுறையும் பெரிய செலவில்லாத காப்புகள்.

மணலைக் கொட்டுபவர்களின் பொறுப்பு

வீடு கட்டுவோர் இரண்டு லோடு மணலையும் ஜல்லியையும் தெருவின் பாதியை அடைத்துக் கொட்டிவைப்பது ஊர்தோறும் காணும் காட்சி. வீடு முடிந்து கிரகப்பிரவேசமும் ஆகிவிடும், மிச்ச ஜல்லி மட்டும் சாலையில் கிடக்கும். பொது வழியில் இடையூறோ ஆபத்தோ உண்டாக்குவது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவில் இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு அதை 5,000 ரூபாய் வரை உயர்த்தியுள்ளது. குவியலைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, மணல் வழியாமல் சாக்கால் மூடி, இரவில் தெரியும்படி ஒளிரும் பட்டை ஒட்டினாலே பாதி ஆபத்து குறையும்.

சாலையைக் கட்டுவோருக்கும் பராமரிப்போருக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் பாதுகாப்புத் தரங்களைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரர் முதலியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விபத்து நடந்த இடத்தில் கிடந்த மணலையும் ஜல்லியையும் உடனே புகைப்படம் எடுத்துவைத்தால்தான் பின்னர் இதைப் பற்றிப் பேசவே முடியும். மாலைக்குள் மற்ற வண்டிகள் அதைக் கலைத்துவிடும்.

விழுந்த பின்

சறுக்கி விழுவதைக் காட்டிலும், விழுந்தவர் மேல் பின்னால் வரும் வண்டி ஏறுவதே பல நேரம் உயிரைப் பறிக்கிறது. உதவ வருபவர் முதலில் வரும் வாகனங்களை நிறுத்தச் செய்ய வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்தெலும்பில் அடி இருந்தால் அது கேட்டை அதிகமாக்கும். மூச்சுக்குத் தடை இருந்தால் மட்டும் ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்றலாம். 108க்கு அழைக்க வேண்டும். உதவுபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது. வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

மணல் ஏறிய சிராய்ப்பைச் சுத்தமான நீரை ஓடவிட்டு நன்கு கழுவ வேண்டும். காபித்தூள், மஞ்சள்தூள் அப்புவது கூடாது. உள்ளே தங்கும் துகள் சீழ் பிடிக்கும், ஆறிய பின்னும் தோலுக்கடியில் கறுப்புத் தழும்பாக நிற்கும். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று, தூசியைத் தட்டி, "ஒன்றுமில்லை" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதுண்டு. மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தலைவலியாக, வாந்தியாக, தூக்கக் கலக்கமாக வெளிப்படும். ஆதலால் அன்றிரவு அவரைத் தனியே விடாமல் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.